வளாகத்தில் மாணவர் போராட்டம்: கூட்டம் எப்படி இயங்குகிறது, எங்கே சிக்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டம் சேர்ந்தால் புத்தி மழுங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. 1895-இல் குஸ்தாவ் லெ போன் என்ற பிரெஞ்சுக்காரர் அப்படி எழுதிவைத்தார். நிர்வாகங்களுக்கும் காவல்துறைக்கும் அது வசதியாக இருந்ததால் இன்றுவரை அதையே பிடித்துத் தொங்குகிறார்கள். 1980-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு கலவரம் நடந்தது. அதை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீபன் ரைச்சருக்குக் கிடைத்த படம் வேறு. போலீஸ் மீது கல் விழுந்தது, வங்கி போன்ற சில இடங்கள் தாக்கப்பட்டன, குடியிருப்பு வீடுகளை யாரும் தொடவில்லை. போலீஸ் அந்தப் பகுதியைவிட்டுப் போனதும் கூட்டம் எல்லை தாண்டித் துரத்திக்கொண்டு போகவும் இல்லை. புத்தி கெட்ட கூட்டம் இப்படி ஆள் பார்த்து, இடம் பார்த்து நடக்காது.

கூட்டத்துக்குப் புத்தி உண்டு, கண்தான் இல்லை. வாசலில் நிற்கும் முதல் இருபது பேருக்குத் தெரிவது ஐம்பது மீட்டர் பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. முன்னால் கதவு பூட்டியிருப்பது தெரியாமல் பின்னால் இருப்பவர் ஓரடி முன்னே வைப்பார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வளாகங்களில் நடக்கும் பெரும்பாலான விபரீதங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

காலையிலிருந்து அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள் மாலையில் திடீரென்று கொதிப்பது ஏன்?

பொதுவாக இரண்டு காரணங்கள். முதலாவது, எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பது. ஒருவன் பாட்டில் எறிகிறான், காவலர்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த முப்பது பேரையும் சேர்த்து அடித்து விரட்டுகிறார்கள். அதுவரை 'அவன் வேறு, நான் வேறு' என்று நினைத்திருந்தவர்கள் அந்த நொடியில் ஒரே தரப்பாகிவிடுகிறார்கள். எறிந்தவனை அடக்க இருந்த மிதவாதிகளின் பேச்சுக்கும் அதோடு மதிப்புப் போய்விடும்.

இரண்டாவதை மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-இல் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். 100 பேர் நிற்கிறார்கள். ஒருவன் யாருக்கும் காத்திராமல் கல் எடுப்பான். இன்னொருவன் ஒருவர் எறிந்ததைப் பார்த்தால் எடுப்பான், அடுத்தவன் இருவரைப் பார்த்தால். இப்படியே கடைசி ஆள் 99 பேரைப் பார்த்த பிறகு. முதல் கல் விழுந்தால் வரிசையாக 100 பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம்: 'ஒருவரைப் பார்த்தால்' என்றிருந்தவன் 'இருவரைப் பார்த்தால்' என்று மாறிக்கொள்கிறான். முதல் ஆள் கல் எறிவான், அதோடு நின்றுவிடும். 99 பேர் அச்சு அசலாக அதே ஆட்கள். மறுநாள் செய்தியில் முதல் கூட்டம் 'வன்முறைக் கும்பல்', இரண்டாவது 'ஒரு விஷமியின் செயல்'.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, முதல் கல்லுக்கும் இரண்டாவது கல்லுக்கும் இடைப்பட்ட அந்த அரை நிமிடம். அப்போது எறிந்தவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போகத் தெரிந்த இருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த முகமாக இருந்தால் நல்லது. மேடையிலிருந்து அவனைத் திட்டினால் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும், பார்க்காதவர்களும் பார்த்துவிடுவார்கள்.

எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எப்படிக் கணக்கிடுவது?

இதற்கான வழி பிறந்ததே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில்தான். 1960-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தன் அறை ஜன்னலுக்குக் கீழே திரளும் போராட்டக்காரர்களைப் பார்த்தார். கீழே தரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் இருந்தன. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினார். அவர் முறைப்படி, தாராளமாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி (0.93 சதுர மீட்டர்), நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி (0.42 சதுர மீட்டர்), மேடைக்கு முன்னால் இடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் 2.5 சதுர அடி.

ஒரு முற்றம் 40 மீட்டருக்கு 30 மீட்டர் என்று வையுங்கள். 1,200 சதுர மீட்டர். மரம், படி, மேடைக்கு 200 கழித்தால் 1,000. முன்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு நெருக்கம்: 333-ஐ 0.42-ஆல் வகுத்தால் சுமார் 790 பேர். மீதி தாராளம்: 667-ஐ 0.93-ஆல் வகுத்தால் சுமார் 720. ஆக, ஏறக்குறைய 1,500. 'ஐயாயிரம் பேர் திரண்டனர்' என்று அறிவித்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேர் என்றாகிறது. அந்த நெருக்கத்தில் முற்றம் முழுக்க நின்றிருந்தால் ஆட்கள் மயங்கி விழுந்துகொண்டிருப்பார்கள். எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவதில் இன்னொரு கேடும் உண்டு: தண்ணீர், கழிப்பறை, தன்னார்வலர் என்று எல்லாத் திட்டமும் பொய்க்கணக்கில் போய் நிற்கும்.

பேரணி என்றால் நிலப்பரப்பு உதவாது. ஓரிடத்தில் நின்று ஒரு கோட்டை நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் எண்ணி, சராசரியை மொத்த நேரத்தால் பெருக்குங்கள். இரண்டு இடங்களில் இருவர் தனித்தனியாக எண்ணினால் நம்பலாம்.

எந்த அளவு நெருக்கம் ஆபத்தானது?

ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் வரை இஷ்டப்படி நடக்கலாம். நான்கு பேர் வரை நிற்கலாம், நகர்வது மெதுவாகும். ஐந்தைத் தொட்டால் மேடைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைத் தளர்த்த வேண்டும். ஆறு, ஏழு பேர் என்றால் தனிமனிதர்கள் என்ற கணக்கே போய், மொத்தமும் தண்ணீர் போல அலையடிக்கும். கால் தரையில் படாமலே பல அடி தூரம் தள்ளிக்கொண்டு போகும்.

தலையை எண்ண நேரமில்லாதவர்களுக்கு உடம்பே அளவுகோல். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய முடிந்தால் கவலையில்லை. முழங்கையை விரிக்க முடியாமல் இருபக்கமும் தோள் உரசினால் வெளியேறத் தொடங்குங்கள். கையை முகத்துக்குத் தூக்கவே சிரமம், யாரும் தள்ளாமல் உடம்பு தானாக ஆடுகிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

நெரிசலில் சாகிறவர்கள் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலோர் நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சுத்திணறிச் சாகிறார்கள். 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இட்டேவோன் பகுதியில் 159 பேர் உயிரைக் குடித்தது சரிவான ஒரு குறுகிய சந்து. அங்கே தீயும் இல்லை, குண்டும் இல்லை.

மாட்டிக்கொண்டால்: இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது ஓயும் இடைவெளியில் குறுக்காக ஓரம் நோக்கி ஓரிரு அடி வையுங்கள். சுவர், கம்பித் தடுப்பு பக்கம் போகாதீர்கள், அங்கேதான் நசுங்கும். கீழே விழுந்த போனுக்குக் குனியவே வேண்டாம். விழுந்துவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, முதல் வாய்ப்பில் எழுந்துவிடுங்கள்.

கூடுவதற்கு எந்த இடம் நல்லது?

குறைந்தது மூன்று பக்கம் வெளியேற முடிகிற திறந்தவெளி. நிர்வாகக் கட்டடத்தின் வாசற்படிதான் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பதால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். பூட்டிய கதவு முன்னால், பக்கத்தில் இரண்டு சுவர், பின்னால் வந்துகொண்டே இருக்கும் கூட்டம்: நெரிசல் உண்டாக்கச் சொல்லி வரைந்து கொடுத்தது போன்ற அமைப்பு. வாசலுக்கு முன் பத்து மீட்டரைக் கயிறு கட்டிக் காலியாக விடுங்கள், முழக்கம் அதைத் தாண்டிக் கேட்கும்.

மேடையை நீளவாட்டுப் பக்கத்தில் வையுங்கள். குறுகிய முனையில் வைத்தால் எல்லோரும் அந்த முனைக்கே முண்டுவார்கள். ஆம்புலன்ஸ் வர நான்கு மீட்டர் அகலப் பாதை ஒன்றை முதல் நாளே குறித்து, அதில் பைக் நிறுத்தவிடாமல் ஓர் ஆளைப் போடுங்கள்.

வாசல், படிக்கட்டு, தாழ்வாரம் பற்றி ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. விளையாட்டரங்கப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் வகுத்த வழிகாட்டியின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர் கடக்கலாம், படிக்கட்டில் 66. ஓர் அரங்கில் 800 பேர், ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு கதவு என்றால் நிமிடத்துக்கு 246 பேர், மூன்றே கால் நிமிடத்தில் காலியாகும். ஒரு கதவைப் பூட்டினால் ஆறரை நிமிடம். புகை கிளம்பிய அரங்கில் அந்த மூன்றே கால் நிமிட வித்தியாசம் ஆளைக் கொல்லும்.

படிக்கட்டில் உட்கார்ந்து மறியல் செய்வதை ஒட்டுமொத்தமாகத் தவிர்க்கலாம். மேலேயிருந்து ஒருவர் தடுக்கினால் போதும், வரிசை முழுக்கச் சரியும். தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் ஒரு சுவரோரம் 1.2 மீட்டர் வழி விட்டுத் தரையில் டேப் ஒட்டுங்கள். வாயால் சொன்னால் ஒரு மணி நேரம் நிற்கும், டேப் ஒட்டினால் ராத்திரி வரை நிற்கும்.

தன்னார்வலர்கள் எத்தனை பேர் வேண்டும்? அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

ஐம்பது பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். முதல் தவறு, தன்னார்வலர்களும் மேடையைப் பார்த்து நிற்பது. அவர்கள் மேடைக்கு முதுகு காட்டி, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கையில் தட்டி, பேனர் எதுவும் கூடாது, கோஷமும் போடக் கூடாது. பளிச்சென்று ஒரே நிறக் கைப்பட்டை. முன்னால் மூன்றில் ஒரு பங்கு, மீதி ஓரங்களிலும் கடைசியிலும். எல்லா இடத்திலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது: சுறுசுறுப்பானவர்கள் அத்தனை பேரும் முன்னால், கடைசியில் ஒரு நாதி இல்லை.

கைகோத்துச் சங்கிலியாக நின்று கூட்டத்தைத் தடுப்பது இருநூறு பேருக்கு மேல் பலிக்காது. அழுத்தம் வந்தால் முதலில் நசுங்குவது அந்தச் சங்கிலிதான்.

பேசுவது பின்னால் கேட்கவில்லை. பெரிய ஸ்பீக்கர் வைத்தால் போதுமா?

ஒரே பெரிய ஸ்பீக்கர் வைத்தால் முன்னால் இருப்பவர் காது அடைக்கும், பின்னால் இரைச்சல்தான் போகும். நடுவில் இரண்டாவது ஜோடி வையுங்கள். ஆனால் ஒலி 34 மீட்டர் போக ஏறக்குறைய 0.1 நொடி எடுக்கும். எழுபது மீட்டர் தள்ளி வைத்தால் ஒவ்வொரு சொல்லும் இரட்டித்துக் கேட்டுப் பேச்சே புரியாது. ஒலி மிக்ஸரில் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் அந்த அளவு வையுங்கள், இல்லையென்றால் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால்: பேச்சாளர் ஐந்தாறு சொல் சொல்லி நிறுத்த, முன்வரிசை அதைச் சேர்ந்து சொல்ல, அதைக் கேட்டு அடுத்த வரிசை சொல்லும். 2011-இல் நியூயார்க்கில் நடந்த 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' போராட்டத்தில் இதை வைத்தே நாள்கணக்கில் கூட்டம் நடத்தினார்கள். நீளமான வாக்கியம் இதில் போகவே போகாது, பேச்சாளர்களைத் திருத்த இதைவிட நல்ல வழியில்லை.

வதந்தியை எப்படி அடக்குவது?

அடக்க முடியாது, இடம் கொடுக்காமல் இருக்கலாம். ஆல்போர்ட், போஸ்ட்மேன் என்ற இரு உளவியலாளர்கள் 1947-இல் சொன்னது: விஷயம் எவ்வளவு முக்கியமோ, அதில் தெளிவின்மை எவ்வளவோ, இரண்டின் பெருக்கல்தான் வதந்தியின் வேகம். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். முக்கியத்துவத்தைக் குறைக்க உங்களால் ஆகாது. தெளிவின்மையைக் குறைக்கலாம்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மைக்கில் அறிவிப்பு வர வேண்டும், புதிதாக ஒன்றுமே இல்லாவிட்டாலும். 'மூன்று பேரைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எங்கே என்று இன்னும் உறுதியாகவில்லை. வக்கீல் போயிருக்கிறார். ஐந்தே காலுக்கு அடுத்த தகவல்.' இவ்வளவு போதும். ஐந்தே காலுக்குச் சொல்கிறேன் என்றவர் ஐந்தே காலுக்குச் சொல்லாவிட்டால், ஐந்தரைக்குள் யாரோ செத்துவிட்டதாகச் செய்தி வரும். 'வதந்திகளை நம்பாதீர்கள்' என்று மட்டும் அறிவிப்பது, என்ன வதந்தி என்று கேட்காதவர்களையும் கேட்க வைக்கும்.

உள்ளிருப்புப் போராட்டம் நாள்கணக்கில் நீண்டால்?

நுழைந்த உடனே ஒருவர் அறை அறையாக முழு வீடியோ எடுக்கட்டும், வெளியேறும்போது அதே வரிசையில் இன்னொன்று. சேதக் குற்றச்சாட்டு வரும்போது இந்த இரண்டு வீடியோதான் பேசும். ஆய்வகம், சர்வர் அறை, விலங்குக்கூடம் பக்கம் போகவே கூடாது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி ஒன்றின் பிளக் பிடுங்கப்பட்டால் யாரோ ஒரு ஆய்வு மாணவரின் நான்கு வருட மாதிரிகள் போயிற்று, அவர் உங்கள் பக்கம் இருந்தவராகவும் இருக்கலாம்.

குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர். கழிப்பறைக்குப் பூட்டு போடுவதுதான் நிர்வாகத்தின் முதல் ஆயுதம், அது பெண்களைத்தான் முதலில் வெளியேற்றும். ஆகவே கோரிக்கைப் பட்டியலுக்கு முன்பே கழிப்பறைச் சாவியைப் பேசிவிடுங்கள். முறைவைத்துத் தூங்குங்கள். 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கருப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கவுன்டரில் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் 300 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், இடம் போதாமல் முறைவைத்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. முதல் நாளே எல்லோரும் விழித்திருந்தால் மூன்றாம் நாள் யாரும் இருக்க மாட்டார்கள்.

உண்ணாவிரதம் இருப்பவர்களுக்கு என்ன கவனம் தேவை?

சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள், இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உட்காரவே கூடாது. மற்றவர்கள் நாளுக்கு இரண்டு லிட்டர் வரை தண்ணீரும் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் எடையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். எடை பத்து சதவீதம் குறைந்தால் மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பட்டினியைவிட அதை முடிக்கும் விதம் ஆளைச் சாய்த்துவிடும். ஐந்து நாளுக்கு மேல் வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு வெற்றிக் களிப்பில் இனிப்பும் முழுச் சாப்பாடும் ஊட்டினால், ரத்தத்தில் பாஸ்பேட் சடாரென்று இறங்கி இதயம் தடுமாறும். மருத்துவர் முன்னிலையில், முதலில் வைட்டமின் பி1, பிறகு சிறிது சிறிதாக உணவு, பல நாட்களில் பழைய அளவு.

கண்ணீர்ப்புகை வீசினால்?

பெயர்தான் புகை, பெரும்பாலும் அது காற்றில் மிதக்கும் நுண்தூள். காற்று வரும் திசை நோக்கி, மேடான இடத்துக்கு நகருங்கள், அது தாழ்வில் தேங்கும். கண்ணைக் கசக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் போராட்டத்துக்கு வருமுன்பே கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டு வாருங்கள். சுத்தமான தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிடம் கண் கழுவுங்கள், சட்டையை மாற்றுங்கள். பால் ஊற்றுவது, எண்ணெய்ப் பசையுள்ள கிரீம் பூசுவது எல்லாம் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களை முதலில் வெளியே அனுப்புங்கள்.

நிர்வாகம் எங்கே தவறுகிறது?

பேசாமல் இருப்பதில் தொடங்குகிறது. பிறகு விளக்கை அணைப்பது, கேட்டைப் பூட்டுவது, வெளி ஆட்களை உள்ளே விடுவது. 1964 அக்டோபர் 1 அன்று பெர்க்லி வளாகத்தில் ஜாக் வைன்பர்க் என்பவரைக் கைதுசெய்து போலீஸ் காரில் ஏற்றினார்கள். சுற்றி மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை, கைதானவரும் உள்ளேயே. காரின் கூரையையே மேடையாக்கினார்கள். மாரியோ சாவியோ என்ற மாணவர் அதில் ஏறும்போது ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். கடைசியில் பேச்சுவார்த்தையில்தான் கலைந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு ஏறுகிற கூட்டத்தோடு பேசலாம் என்று எந்த நிர்வாகியும் கண்டுகொள்ளலாம்.

மறுபக்கம், 1970 மே 4, ஓஹியோவின் கென்ட் வளாகம். தேசியக் காவல்படை 13 நொடியில் 67 முறை சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இருவர் போராட்டத்தில் இல்லாதவர்கள், வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தவர்கள், 100 மீட்டருக்கும் அப்பால். 2011 நவம்பர் 18 அன்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில், தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் முகத்தில் வளாகப் போலீஸ் மிளகுத் தெளிப்பான் அடித்தது. அன்றைக்கே அந்த வீடியோ உலகம் சுற்றியது.

'கலைந்து போங்கள்' என்று உத்தரவிடும்போது மூன்று விஷயம் இருந்தாக வேண்டும்: எந்த வழியாகப் போவது, எவ்வளவு நேரம் இருக்கிறது, கடைசி வரிசைக்குக் கேட்டதா. எல்லா வாசலையும் அடைத்துவிட்டுக் கலையச் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது.

கொஞ்சம் அடிதடி இருந்தால்தான் காரியம் நடக்கும் என்பவர்களுக்கு என்ன பதில்?

எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரையிலான 323 பெரும் இயக்கங்களை ஒப்பிட்டார்கள். வன்முறையற்றவற்றில் 53 சதவீதம் வென்றன, ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதம். அவை ஆட்சி மாற்றம், விடுதலை போன்ற பெரிய விவகாரங்கள். விடுதிக் கட்டணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் பொருந்தும்: அடிதடி என்றதும் வரக்கூடியவர்களின் எண்ணிக்கை சுருங்கிவிடும்.

வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். ஏதாவது சொல்வீர்களா?

ஓரத்தில் நில்லுங்கள், வெளியே போகும் இரண்டு வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் அழைப்பு போகாத நெரிசலிலும் குறுஞ்செய்தி போக வாய்ப்புண்டு.

பேச்சுவார்த்தைக்கு யார் போவது?

இருவர் பேச, ஒருவர் எழுத. தனியாக யாரும் போகக் கூடாது, அவர் நல்லவராக இருந்தாலும் வெளியே வந்ததும் 'விலை போய்விட்டான்' என்பார்கள். கோரிக்கை ஐந்துக்குள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அதை நிறைவேற்றும் அதிகாரம் யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருக்க வேண்டும். விடுதி வார்டனால் முடியாததை வார்டனிடம் மூன்று மணி நேரம் பேசுவது வழக்கமான வீண்வேலை. 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முடிந்துவிட்டது. எப்படிக் கலைவது?

கூட்டம் வருவது இரண்டு மணி நேரம், போவது பத்து நிமிடம், அதனால் போகும்போதுதான் நெரியும். முடிவை அறிவித்த கையோடு 'எல்லோரும் கலையலாம்' என்று சொல்லிவிடாதீர்கள். கடைசி வரிசைகளை முதலில் அனுப்புங்கள், வலப்பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வாசல், இடப்பக்கத்துக்கு இன்னொன்று என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். முன்வரிசைக்காரர்கள் உட்கார்ந்திருக்கட்டும், மேடையில் ஏதாவது பாட்டு ஓடட்டும். பின்னால் நின்ற தன்னார்வலர் கை தூக்கிக் காட்டிய பிறகு முன்வரிசை எழட்டும். மைக்கைக் கடைசியாகக் கழற்றுங்கள்.